கிணற்றைப் பார்க்காத சென்னியம்மாள்

கிணற்றுநீரை இழுத்தபடி மாடுகள் வாரிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. அவை இழுக்கும் கவலையின் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்தபடியே சென்னியம்மாள் கேட்டாள்: "கெணத்துல குதிக்கறாளே உன்ற கதையில வர்றவ, அவளுக்கு நெஞ்சு அடிச்சுக்கலயா அம்மிணி?"

வரப்பில் பத்திரிகையும் கையுமாக இருந்த சாரதாமணி, அவள் பயமே அறியாதவள் என்றாள். அந்தப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைச் சாரதாமணி யாரை வைத்து எழுதுகிறாள் என்பது இருவருக்கும் தெரியும்.

"அப்ப அது நானில்ல. வேற ஆரையோ எழுதியிருக்கற."

மல்லசமுத்திரம் பக்கம் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற பெண் சென்னியம்மாள் ஒருத்திதான். கணவன் ரங்கன் இறந்த மாதமே மாடுகளைப் பூட்டினாள். பெண் கையில் மாடு நிற்காது, நிலத்தைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று கொழுந்தன் அர்த்தநாரி ஊரைக் கூட்டினான். மாடு நின்றது. ஒன்பது வருஷமாக இரண்டு ஏக்கர் பருத்தி அவள் இறைக்கும் தண்ணீரில் வெடிக்கிறது. தலையில் ரங்கனின் துண்டு. இடப்பக்கத்து மாடு சோம்பேறி. அதற்கு அவள் வைத்த பெயர் கொழுந்தனார். "ஏனுங் கொழுந்தனாரே, காலெடுத்து வெய்யுங்க" என்று அவள் மரியாதையாக அதட்டும்போது பக்கத்துத் தோட்டத்தார் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

பறி என்கிற தோல் சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டியது. மாடுகளைப் பின்னுக்கு நடத்தி மேலே கொண்டுவந்தவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைச் சொன்னாள். முதல் வருஷம் மாட்டின் பின்னங்கால் பட்டு விளிம்புக் கல் ஒன்று உள்ளே போயிற்று. அது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கும்வரை அவளுக்கு மூச்சு இல்லை. அன்றிலிருந்து கிணற்றுக்குள் பார்த்ததில்லை. விளிம்புக்கு நாலடி முன்னால் ஒரு பட்டைக் கல் பதித்திருக்கிறாள். பின்னால் நடக்கையில் குதிகாலில் அது தட்டினால் மாடுகளை நிறுத்துவாள்.

"பொழுதுக்கும் நூறு தடவ பயந்து பயந்து குதிகாலால அந்தக் கல்லத் தேடறேன். அர்த்தநாரிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே மாட்ட அவுத்துட்டுப் போயிருவான்."

நாலு மாதமாக அந்த வரப்பில் உட்கார்ந்து எழுதிய சாரதாமணி, அந்தக் கல்லை அப்போதுதான் பார்த்தாள். தேய்ந்து வழவழவென்றிருந்தது. அடுத்த அத்தியாயத்தைத் தபாலில் சேர்க்க இரண்டு நாள்தான் இருந்தது. இதை எழுதலாமா என்று தயங்கிக் கேட்டாள்.

பறி நீரில் அமிழும் ஓசை வந்ததும் சென்னியம்மாள் வடத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"எழுது சாமி. அவன் படிச்சாலும் படிக்கட்டும். அவளப் பயப்பட உடு. ஆனா அவ கையில இருக்கற கயித்த மட்டும் புடுங்கிப் போடாத."

சொல்லிவிட்டு வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, கொழுந்தனாரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.