கசங்குகிற கோட்டு

ஒரு தோள் இறங்கிய தபால்காரர் ஒருவருக்குக் கோட்டு மாஸ்டர் கோட்டு தைத்தபோது, இறங்கிய பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பஞ்சு கூட்டி வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. தேய்க்கும்போது கைக்குத் தட்டுப்பட்டதால் அவருடைய மைத்துனருக்கு மட்டும் தெரிந்தது. மாஸ்டரின் தையல் கடையில் இஸ்திரி போடுபவர் அவர்தான்.

“மாமா, ஒரு பக்கம் பஞ்சு ஜாஸ்தியா இருக்கு.”

“இருக்கட்டும் மாப்ளே. நீ வாய மூடிக்கிட்டு தேய்.”

தபால்காரர் கண்ணாடியில் தன்னை இரண்டு தரம் பார்த்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போனார்.

மாஸ்டருக்குப் பேச்சு குறைவு. ஆனால் எந்தத் துணியைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருப்புக்கொள்ளாது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரைத் தொட்டுப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறார். “இவரோட வெளிய போனா என் மானம் போகுது” என்று மைத்துனரின் அக்கா, மாஸ்டரின் மனைவி, தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு கோடையில் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் கடைக்கு வந்தார். போன வருஷம் விழாவில் கம்பளிக் கோட்டோடு உச்சி வெயிலில் நின்று பிள்ளைகளைப் பாடவைத்தவர், பாதிப் பாட்டில் மயங்கி விழுந்துவிட்டார். இந்த வருஷமும் விழுந்தால் பாட்டுக் குழு வேறொருவர் கைக்குப் போய்விடும். கோட்டு இல்லாமல் மேடை ஏறவும் விடமாட்டார்கள்.

பையிலிருந்து மணல் நிற லினன் துணியை எடுத்தார். “பிளேசர் வேணும் மாஸ்டர். லைனிங் வேணாம், தோளுக்குப் பஞ்சு வேணாம், உள்ள விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸும் வேணாம். காத்து போகணும்.”

“எல்லாத்தையும் எடுத்துட்டா கோட்டுல மிச்சம் என்ன சார் இருக்கும்?”

“அதத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்.”

முப்பது வருஷமாக விறைப்பான கோட்டே தைத்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. துணியை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, சுருங்குவதெல்லாம் இப்போதே சுருங்கட்டும் என்று காயவைத்தார். லைனிங் இல்லாததால் உள்தையல் ஒவ்வொன்றுக்கும் நாடா வைத்து மூடினார். தைத்து முடிக்கும் முன் வெறும் நூலோட்டிய கோட்டைத் தானே மாட்டிக்கொண்டு, நடுத்தெருவில் நின்று வாத்தியார் மாதிரி இரண்டு கையையும் வீசினார்.

எதிர்க்கடைப் பூட்டுக்காரர் கத்தினார். “என்ன மாஸ்டர், பறக்கப் போறீங்களா?”

“காலர் எழும்புதுய்யா. கை சேர்ற இடத்த இன்னும் மேல ஏத்தணும்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார் மாஸ்டர்.

விழா அன்று காலையில்தான் அந்தக் காரியம் நடந்தது. மாஸ்டர் சாமி கும்பிட்டுவிட்டுக் கடைக்கு வருவதற்குள், மைத்துனர் கோட்டைத் தேய்த்து முடித்திருந்தார். கசங்கிய கோட்டு கடைக்கு அவமானம் என்று கஞ்சி தெளித்து, அட்டை மாதிரி ஆக்கிவைத்திருந்தார்.

“பாருங்க மாமா, ஆளே இல்லாம தனியா நிக்கும்!”

மாஸ்டர் துணியை வாயருகே வைத்து ஊதினார். மறுபக்கம் பிடித்த கைக்கு மூச்சு வரவில்லை. கஞ்சி இழைகளை அடைத்துக்கொண்டது. அப்போதுதான் மைத்துனருக்கு விஷயம் உறைத்தது. மணி எட்டரை. பத்து மணிக்கு வாத்தியார் வந்துவிடுவார்.

மாஸ்டர் திட்டவில்லை. கோட்டை அப்படியே வாளித் தண்ணீரில் முக்கினார்.

“ஐயோ மாமா!”

“ஏற்கெனவே ஊறின துணிதானே மாப்ளே, இனி எங்க சுருங்கப் போகுது? எவ்வளவு நேரத்துல காயுதுன்னு பாப்போம். எனக்கும் தெரியணும்.”

மூன்று தண்ணீரில் அலசி மொட்டை மாடி வெயிலில் தொங்கவிட்டார்கள். மைத்துனர் கடவுளைக் கூப்பிட்டபடி அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆயிற்று. கோட்டு காய்ந்தது, உடம்பெல்லாம் மெல்லிய சுருக்கத்தோடு. பழக்கத்தில் இஸ்திரிப் பெட்டிக்கு நீண்ட மைத்துனர் கையை மாஸ்டர் பிடித்து நிறுத்தினார்.

ஆண்டவன் கருணை, அன்று ஏழு பாட்டும் முடியும்வரை வாத்தியார் நின்றார். பாட்டுக் குழு அவரிடமே தங்கியது. மாஸ்டர் காதில் ஒரு பாட்டும் விழுந்திருக்காது. பந்தல் ஓரமாக நின்று கோட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு வருஷம் கழித்து மைத்துனருக்குத் தூரத்து ஊரில், ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வழியனுப்ப மாஸ்டர் ஸ்டேஷனுக்கு வந்தார். இனிப் பார்க்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியாது. ரயில் நகர்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கூடவே நடந்தபடி சொன்னார்:

“அந்த ஊர்ல வெயிலுக்கு என்ன போட்டுக்கிறாங்கன்னு பாத்து எழுது மாப்ளே. உன் கடுதாசி வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது.”