நாகம்மாவுக்குப் பூசை வைத்த பிலோமினா அக்கா

காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். "அம்மா போயிட்டாங்கக்கா" என்று பிலோமினா அக்காவின் மகள் ஜெயா போனில் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்படியே எங்காவது உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது, உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். சேதராப்பட்டு கம்பெனியில் பதினொரு வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று அட்டைப்பெட்டி ஒட்டியவர்கள் நாங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வில்லியனூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். எட்டாவதோடு படிப்பை விட்டவர். வாய்த்துடுக்கு அதிகம். சூப்பர்வைசர் சத்தம் போட்டால், "இன்னாத்துக்கு சார் கத்துற? எங்களுக்குக் காலுதான் போச்சி, காது நல்லாதான் கீது" என்பார். எட்டு மணி நேரம் நின்ற அலுப்பில் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நாங்கள் காத்திருந்த நாட்கள் உண்டு.

போன வருடம் நூலகத்தில் ஒரு நாவல் எடுத்தேன். போர்க்காலத்துப் பெண்களின் கதை. பஸ்ஸில் இரண்டாவது பக்கத்திலேயே தூங்கிவிட்டேன். "தூங்குறவளுக்கு இன்னாத்துக்குடி புக்கு?" என்று பிடுங்கிக்கொண்டார். போகும்போதும் வரும்போதும் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

கதையில், ஆண்கள் இல்லாத ஊரிலிருந்து பெண்கள் மூட்டையும் பிள்ளைகளுமாக நடக்கிறார்கள். நாகம்மா என்றொருத்தி வழியிலேயே விழுந்து சாகிறாள். பின்னால் குண்டு விழுகிறது. புதைக்க நேரமில்லை. முகத்தில் ஒரு சேலையைப் போட்டுவிட்டு மற்றவர்கள் நடந்துவிடுகிறார்கள்.

அதைப் படித்த காலையில், பசை காய்வதுகூடத் தெரியாமல் அக்கா நின்று அழுதார். சூப்பர்வைசர் வந்து என்னவென்று கேட்டார்.

"நாகம்மா செத்துட்டா சார்."

யாரோ சொந்தக்காரர் என்று நினைத்து அவரும் அரைநாள் லீவு கொடுத்து அனுப்பினார். அக்கா வீட்டுக்குப் போகவில்லை, நேராக மாதா கோயிலுக்குப் போனார். அவர்கள் பங்குக் கோயிலில், செத்தவர்களின் பெயரைப் பூசைக்குக் கொடுத்தால் சாமியார் பீடத்திலிருந்து வாசிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாகம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஊரே மன்றாடியது. சாயந்திரம் நாலு பேர் அக்கா வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கவும் வந்துவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாக்கா, கதையில செத்தவளுக்குப் பூசையா?"

"சிரிக்காதடி. ரோட்டுல போட்டுட்டுப் போயிட்டாளுங்க. நம்பளாவது எதுனா செய்ய வேணாமா?"

அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. புத்தகத்தை என்னிடமே தந்தார். "மீதிய நீ படி. யாராச்சும் திரும்பி வந்து அவளப் பொதைச்சாங்களான்னு மட்டும் சொல்லு."

சரி என்றேன். ஆனால் வேலை முடிந்து, சமைத்துப் போட்டு, பாத்திரம் கழுவிப் படுத்தால் புத்தகம் முகத்தில்தான் விழும். வாராவாரம் கேட்பார். "இந்த வாரம் முடிச்சிடுறேன்க்கா" என்பேன். நூலகத்தில் தேதியை நீட்டி நீட்டி வைத்ததுதான் மிச்சம்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கை வீங்கியிருந்தது. ஏதேதோ பேசிவிட்டு, "படிச்சியாடி? பொதைச்சாங்களா?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பொதைச்சாங்கக்கா. திரும்பி வந்து, நல்லபடியா பொதைச்சாங்க."

"அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்த மறுநாள் லீவு போட்டுவிட்டு மிச்சப் பக்கங்களை ஒரே மூச்சில் படித்தேன். யாரும் திரும்பி வரவில்லை. அந்தப் பெண்கள் ஒரு பட்டணத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள், பிழைக்கிறார்கள். நாகம்மாவின் பெயரைக்கூட எவரும் எடுப்பதில்லை. எங்காவது விட்டுவிட்டேனோ என்று கடைசி அத்தியாயத்தை இன்னொரு முறை புரட்டினேன். அப்போதுதான் அழுகை வந்தது. நாகம்மாவுக்காக அழுதேனா, அக்காவுக்காகவா, சாகக் கிடந்தவரிடம் சொன்ன பொய்க்காகவா, தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு அக்காவின் பெயரைக் கொடுக்க ஜெயாவோடு நானும் போனேன். நான் அந்தக் கோயிலுக்கு உரியவள் இல்லை. இருந்தாலும் இன்னொரு பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பூசைக்குப் பெயர் எழுதும் உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார்.

"நாகம்மாவா? போன வருசமே பிலோமினா வெச்சாங்களே. உனக்கு அவங்க இன்னா வேணும்?"

"அக்காவுக்குச் சொந்தம். அவங்க இல்ல, அதான் நான் வந்தேன்."

அவர் எழுதிக்கொண்டார்.

நேற்று பூசையில் இரண்டு பெயர்களையும் சேர்த்தே வாசித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: "அக்கா, நான் சொன்னது பொய்யி. யாரும் திரும்பி வரல. நீ ஒருத்திதான் அவளுக்காகத் திரும்பிப் போன. இனிமேனாச்சும் கால நீட்டிப் படுத்துக்கோக்கா."