நான் வராம ரீல் வாங்கிராதீங்க

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலுள்ள தூண்டில் கடையில், தூண்டில் நரம்பைச் சுற்றும் சின்ன ரீல் ஒன்றைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு நின்றபோதுதான் செல்வி டீச்சரின் எண்ணிலிருந்து போன் வந்தது. "எங்கதான் இருக்கீங்க? நின்னு நின்னு கால் கடுக்குது. இப்ப வரலேன்னா அந்தப் பெரிய ரீலையே வாங்கிட்டுப் போயிருவேன்" என்று எடுத்ததும் பொரிந்தேன். பேசியது அவர் கணவர். "டீச்சர்... செல்வி போயிட்டா டீச்சர்" என்றார். கடைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ரீலைக் கடைக்காரர் கையில் கொடுத்தேனா, கீழே போட்டேனா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

நம் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கெல்லாம் அவரைக் கணக்கு டீச்சராகத் தெரியும். இடது கையால் கரும்பலகையில் வட்டம் போட்டால் காம்பஸ் தோற்றுப்போகும். ஞாயிற்றுக்கிழமை செல்வியை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? தலையில் தொப்பி, சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை. திருவாதவூர்ப் பக்கத்துக் கண்மாயில் ரப்பர் தவளையைத் தூண்டிலில் கட்டி வீசி, விரால் பிடிப்பார். ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போன என் கையிலும் தூண்டிலைத் திணித்தார். வலது கையால் வீசினேன். விரால் கவ்விவிட்டது! இடது கையால் வீசுகிற அவருடைய ரீலுக்குக் கைப்பிடி வலப்பக்கம். நான் தூண்டிலை இடது கைக்கு மாற்றிச் சுற்றத் தொடங்குவதற்குள் தூண்டில் நரம்பு தளர்ந்து மீன் ஓடிவிட்டது. நான் போட்ட கூச்சலில் கரையில் மேய்ந்த மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"மீனை விட நீங்கதான் டீச்சர் அதிகமாத் துள்ளுனீங்க" என்று சிரித்தார். சொந்தமாக ஒரு ரீல் வாங்கி அந்த விராலைப் பிடித்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் எனக்கு வேறு பேச்சே கிடையாது. போனில் தங்க நிறத்தில் மினுங்கும் ரீலாகப் பார்த்துக் காட்டுவேன். உள்ளே இத்தனை பேரிங் இருக்கிறதாம், கடல் மீனே தாங்குமாம் என்பேன். "அட்டைப்பெட்டி மீன் பிடிக்காது டீச்சர். கண்மாய் மீனுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய ரீலு? மத்தியானத்துக்குள்ள மணிக்கட்டு விட்டுப்போகும்" என்பார். சரி, எதைத்தான் வாங்குவது என்றால் வாயைத் திறக்க மாட்டார். "நான் சொல்லி வாங்குனா, மீன் தப்பிக்கிறப்பல்லாம் என்னையத்தானே வைவீங்க? கடையில வச்சுச் சுத்திப் பாருங்க. நான் வராம மட்டும் வாங்கிராதீங்க."

போன் வந்த அன்றைக்குக் கடையிலிருந்து ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் வீட்டு வாசலில் அவர் மாட்டக் குனிந்த செருப்பில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "வெள்ளிக்கிழமை என் டப்பாவுல இருந்து புளியோதரையை எடுத்துத் தின்னாங்களே, நல்லாத்தானே இருந்தாங்க" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சண்டைக்குப் போனேன். யாரோ என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு அந்தக் கடைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். பெரிசும் சின்னதுமாக அன்றைக்கு நான் பார்த்த இரண்டு ரீல்களையும் கடைக்காரர் தனியாக எடுத்து வைத்திருந்தார். "செல்வி அக்கா வரலையா?" என்று கேட்டார். சொன்னேன். ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடிதானே போன் பண்ணாங்க! 'டீச்சர் பெரிசைத்தான் கேப்பாங்க. வேணாம்னு சொல்லிராதே, வீம்புக்கே அதை வாங்குவாங்க. சின்ன ரீலுல கைப்பிடியைக் கழட்டி இடது பக்கம் மாட்டி, அவங்க கையில குடுத்துரு. அவங்களே சுத்திப் பாத்து எடுக்கட்டும். நான் பக்கத்துல நின்னா என் மூஞ்சியப் பாத்துத்தான் எடுப்பாங்க. அதனால மெதுவா வாரேன்'னாங்க."

அடப்பாவி மனுஷி! நான் கால் கடுக்க நின்று திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம், எனக்காகத்தான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாரா? எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கடை என்றும் பார்க்காமல் அழுதேன்.

சின்ன ரீலைத்தான் வாங்கினேன். வலது கையால் வீசி, கை மாற்றாமல் இடது கையால் சுற்றலாம். பிடித்திருப்பதே தெரியாத எடை. அவரிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது இதுதான். இன்னும் கண்மாய்ப் பக்கம் போகவில்லை.

செல்வி டீச்சர், யார் முகத்தையும் பார்த்து நான் எடுக்கவில்லை. நானேதான் சுற்றிப் பார்த்து எடுத்தேன். இனியாவது நீங்கள் வரலாம்.