கூரை திறக்கிற கார்

என் அண்ணன் வாங்கிய காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். அவன் வீட்டில் நான்கு பேர். "மத்தவங்க?" என்று அண்ணி கேட்டதற்கு, "ரயில்ல வரட்டும்" என்றான். சிவப்பு நிறம், வெளிநாட்டு வண்டி, கண் மூடித் திறப்பதற்குள் பறக்குமாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது பறந்து நான் பார்த்ததில்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் அடிவயிறு தட்டிவிடும் என்று என்னை இறங்கி நடக்கச் சொல்வான். நான் முன்னால் போய் டீ குடித்துவிட்டுக் காத்திருப்பேன்.

கூரையைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுவான். மூடினால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாதே! புழுதிக்குப் பயந்து நான் ஹெல்மெட்டோடு உட்காருவேன். "மானத்த வாங்காதடா" என்று பல்லைக் கடிப்பான். என் ஓட்டை ஸ்கூட்டரில் காசிமேட்டுப் பக்கம் போனால் எனக்குத் தானாகப் பாட்டு வரும். பாவம், அவன் அந்தக் காரில் ஒரு வரி பாடியதில்லை. யார் பார்க்கிறார்கள் என்று தேடவே அவன் கண்ணுக்கு நேரம் போதவில்லை.

அன்று மீஞ்சூரில் அவன் மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினோம். அண்ணி ரயிலில் முன்னாலேயே போய்விட்டார். சம்பந்தி வாசலில் காரை நிறுத்தி இறங்க வேண்டும், அதற்குத்தான் அவன் இத்தனை நாள் தவம் கிடந்தான். லாரி வரிசைக்குப் பயந்து திருவொற்றியூரில் ஒரு குறுக்குத் தெருவில் நுழைத்தான். அங்கே ஒரு வீட்டிலிருந்து சாவு ஊர்வலம் கிளம்பிக்கொண்டிருந்தது.

பூ ஜோடித்த வண்டி எங்களுக்கு முன்னால். சனம் எங்களுக்குப் பின்னால். நடுவில் நாங்கள். மேளம் பிளந்து கட்டியது. யாரோ வீசிய பொரியும் பூவும் திறந்த கூரை வழியாக எங்கள் மடியில் கொட்டின. ஒருவர் பானெட்டில் மாலையே போட்டுவிட்டார். "யோவ், எடுய்யா அத!" என்று அண்ணன் கத்தியது மேளத்தில் அமுங்கிப்போனது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஹெல்மெட் காப்பாற்றியது.

தெருமுனையில் ஊர்வலம் நின்றது. பெண்கள் அதற்கு மேல் போகும் வழக்கம் இல்லை. இறந்தவரின் மகள் தலைவிரி கோலமாக எங்களிடம் வந்தாள்.

"எங்க நைனா ஹார்பர்ல மூட்ட தூக்குனவரு சார். இம்மாம் பெரிய தோஸ்து கீறாருன்னு சொன்னதேயில்ல. நான் இதுக்கு மேல வரக் கூடாது. நீங்களாச்சும் கடைசி வரைக்கும் கூடப் போங்க சார்."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு அவளிடம், "நல்ல மனுசன்மா. நான் போறேன், நீ அழாத" என்றான். முகம் தெரியாத ஒருவருக்காக அவன் அந்தப் பொய்யைச் சொன்னதும் நான் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் வலது பக்கம் வழி கிடைத்தது. "போய்டலாம்ணா, மீஞ்சூர்ல காத்துகினு கீறாங்க" என்றேன். சுடுகாட்டுக்குப் போன உடம்போடு சம்பந்தி வாசலை மிதிக்க முடியாது என்பது அவனுக்கும் தெரியும். அவன் திருப்பவில்லை. பூ வண்டிக்குப் பின்னாலேயே நடை வேகத்தில் ஓட்டினான். தலையெல்லாம் பொரி. விரல்கள் ஸ்டியரிங்கில் மேளத்துக்குச் சரியாகத் தாளம் போட்டன. நடைபாதை முழுக்க ஆட்கள் எங்களையே பார்த்தார்கள். அவன் ஒருவரையும் பார்க்கவில்லை.

போன் அடித்தது. அண்ணி.

"இன்னாங்க, எங்க கீறீங்க? இன்னா பண்றீங்க?"

"வண்டி ஓட்டிகினு கீறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.