அண்ணியின் அறுபது கிராம்

என் அண்ணி லூர்துசெல்வியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் அவர் எடையில்தான் ஆரம்பிப்பார்கள். நூற்று இருபத்தொரு கிலோ. நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற வழியில் இருக்கிறது. அண்ணி அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். என் அண்ணன் ஸ்டீபன்ராஜ் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றும் குட்டி யானை வண்டி ஓட்டுகிறார். நான் வெனிலா, திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பெரிய வெள்ளி அன்று எங்கள் கோயிலிலிருந்து குருசுப்பாறை வரை நாலு கிலோமீட்டர் சிலுவைப்பாதை நடக்கும். வழியில் நின்று ஜெபிக்கப் பதினான்கு ஸ்தலங்கள். ஒவ்வொரு ஸ்தலத்திலும் மரச்சிலுவை தோள் மாறும். ஒன்பது வருஷமாக அண்ணி கோயில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அங்கேயே இருப்பார். முட்டி விடாது.

அதனால்தான் ஜனவரியில் புதுச்சேரியில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் படுக்கும்முன் டாக்டரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு நான் பதினாலு ஸ்தலமும் நடக்கணும் சார். முடியுமா?" முடியும், சொன்னபடி சாப்பிட்டால், என்றார் டாக்டர்.

வயிற்றைச் சுருக்கிவிட்டார்கள். ஒரு நேரத்துக்கு நாலு ஸ்பூன் போனால் அதிகம். உணவு ஆலோசகர் அஸ்வினி சின்னப் பெண், ஆனால் கறார். "எது சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும், நாளைக்கு அறுபது கிராம் புரோட்டீன் உள்ளே போயிடணும்" என்று சீட்டில் எழுதி இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். முதல் இரண்டு மாதம் பாலில் கலக்கும் பவுடர், மசித்த முட்டை, பருப்புத் தண்ணீர் என்று ஒழுங்காகவே போனது.

பிறகு சாம்பல் புதன் வந்தது. தவக்காலம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் நாற்பது நாளும் ஒருசந்தி நோன்பு; கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. அண்ணி புதுநன்மை வாங்கின சின்ன வயதிலிருந்து ஒரு வருஷம்கூட அதை மீறியதில்லை. பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். முட்டைப் படம் போட்டிருந்தது. எடுத்துப் பரணில் வைத்துவிட்டார்.

"அப்போ அறுபது கிராமுக்கு இன்னா பண்ணுவீங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"இருக்குது வா" என்று சமையலறைக்குக் கூட்டிப் போனார். அங்கே புது மின்தராசு. அவித்த கொண்டைக்கடலையைக் கிண்ணத்தில் போட்டு, ஒன்றை எடுத்து, ஒன்றைப் போட்டு, சரியாக அறுபதில் நிறுத்தினார். "மேடம் சொன்னது அறுபது. பாரு, கரெக்டா கீது."

இருபது வருஷமாக ஒரு பிள்ளைக்கு இத்தனை கிராம் அரிசி, இத்தனை கிராம் பருப்பு என்று எடை போட்டுப் பழகிய கை. கிராம் என்று காதில் விழுந்தாலே தராசைத்தான் தேடும். அவரை விடுங்கள். புரோட்டீன் டப்பாவை நாள் முழுக்க விற்கிற எனக்கு எங்கே போயிற்று புத்தி? பக்கத்தில் நின்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

காலையில் முப்பது கிராம் கடலை, மாலையில் முப்பது கிராம். நடுவில் கேப்பைக் கஞ்சி. மூன்றாவது வாரம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. பள்ளிக்கூடத்தில் பருப்பு டப்பாவைப் பாதி தூக்கிவிட்டுக் கீழே வைத்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குள் நடக்கிற சிலுவைப்பாதையில் மூன்றாம் ஸ்தலத்தில் முழங்கால் போட்டவரால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் அண்ணனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம்.

"வயித்த அறுத்துக்கினா இப்டித்தான். இதுல பாறைக்கு வேற நடக்கப் போறாளாம்" என்றார் பின்னாலிருந்த எதிர்வீட்டு அஞ்சம்மாள்.

மறுநாளே புதுச்சேரிக்குப் போனோம். அஸ்வினி ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, புரோட்டீன் எவ்வளவு எடுக்கிறீங்க?"

"அறுபது கிராம் மேடம். ஒரு நாள் தப்பினதில்ல. தராசுல வெச்சுத்தான் துண்றேன்."

"எதை வெச்சு?"

"கொண்டைக்கடலை. அவிச்சு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. "அம்மா, அறுபது கிராம் அவிச்ச கடலையில புரோட்டீன் அஞ்சு கிராம்தான் தேறும். மீதியெல்லாம் தண்ணி, மாவு, நார். ஒரு முட்டையில ஆறு கிராம் இருக்கு. நீங்க மூணு வாரமா பட்டினி கிடந்திருக்கீங்க."

அண்ணி முகம் சுருங்கிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அளந்து போட்டவர், தனக்கு அளக்கத் தெரியாமல் போனதே என்ற அவமானம். முட்டை, மீன், கோழி, பனீர், தயிர், பவுடர் என்று அஸ்வினி எழுதிக்கொண்டே போனார். தவக்காலம் என்று அண்ணி வாயைத் திறக்கவே இல்லை. நான் சொல்லப் போனேன். அண்ணி என் காலை மிதித்தார்.

அன்று மாலை எங்கள் கோயில் பங்குச் சாமியாரிடம் போனோம். "நோயாளிகளுக்கு ஒருசந்தி கடமையே இல்லம்மா. தாராளமா சாப்பிடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் நோயாளியாடி? நோயாளியா இருக்கக் கூடாதுன்னுதான அறுத்துக்கினேன்?"

வீட்டுக்கு வந்து ஒரு முட்டையை அவித்து, உரித்து, தட்டில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு முட்டை வாடையே அவருக்குக் குமட்டும். அண்ணனும் நானும் வாசற்படியில் நின்றோம்.

"இன்னாங்க, கேளுங்க" என்றார் அண்ணனிடம். "இத்தினி வருஷம் நாப்பது நாளு கறிய வுட்டேன். அதுல எனக்கு இன்னா கஷ்டம்? எனக்குப் புடிச்சது சோறு. அத ஒரு நாளும் வுடல. இந்த வருஷம் சோத்த வுடுறேன். இந்த முட்டைய வாந்தி வராம துண்றதுதான் எனக்கு ஒருசந்தி. ஊரு இன்னா பேசுனாலும் பேசிக்கினு போவட்டும்." சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் விழுங்கினார்.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்துப் பட்டியல் மாதிரி சுவரில் ஒரு தாள் ஒட்டினார். ஆறு வேளை. ஒவ்வொன்றுக்கும் எதிரே எடை இல்லை, புரோட்டீன் எவ்வளவு என்று மட்டும். பவுடர் பரணிலிருந்து இறங்கியது. தட்டில் முதலில் மீன், பிறகு பருப்பு, இடம் இருந்தால் காய். சோற்றுக்கு இடமே இருக்காது. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் கிடையாது என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மீன் குழம்பு வாசனை தெருவுக்குப் போயிற்று. அஞ்சம்மாள் வாசலில் வந்து நின்று, "தவக்காலத்துல இன்னா வாசன இது?" என்று கேட்டபோது, "மத்தி. பதினஞ்சு கிராம்" என்று அண்ணி உள்ளேயிருந்தே பதில் சொன்னார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. அண்ணி அப்போது தொண்ணூற்று மூன்று கிலோ. அஸ்வினி போனில் சொல்லியிருந்தார்: மெதுவாக நடங்கள், வாய் வாயாகத் தண்ணீர் குடியுங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் ஏதாவது சாப்பிடுங்கள். அண்ணி டிபன் பாக்ஸில் மூன்று முட்டை எடுத்துக்கொண்டார். விழுந்தால் பிடிக்க வேண்டும் என்று நான் அவர் பக்கத்திலேயே நடந்தேன். நான் முழு ஒருசந்தி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. அண்ணி நடப்பதற்காக நான் நேர்ந்துகொண்டது.

ஏழாம் ஸ்தலத்தில் சாமியார் ஜெபம் முடிக்கும்வரை காத்திருந்து, அண்ணி சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தார். சுற்றிலும் இருநூறு பேர், எல்லாரும் பட்டினி. முட்டையை உரித்து, எல்லார் கண்ணெதிரிலும் நிதானமாக மென்று சாப்பிட்டார். யார் முகத்தையும் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார். எனக்கு அந்தத் தைரியம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

பத்தாம் ஸ்தலத்துக்கு அந்தப் பக்கம் பாறை ஏற்றம். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கேயோ பாட்டு கேட்டது, பிறகு கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது வேலிக்கருவை மரநிழலில் கிடந்தேன். என் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து அண்ணி என்னைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். தனி ஆளாக.

"நல்லா வந்தடி என்னப் புடிக்க" என்றார். தண்ணீரைப் புகட்டிவிட்டு முட்டையை நீட்டினார். "துண்ணு."

"அண்ணி, இன்னிக்குப் பெரிய வெள்ளி. நான் ஒருசந்தி."

"உன் ஒருசந்தி எனக்காகத்தான? நான் நடந்துட்டேன். துண்ணுடி ஜல்தி. அடுத்த ஸ்தலத்துல என் தோளுக்குச் சிலுவ வருது, நான் போவணும்."

என் கையில் முட்டையைத் திணித்துவிட்டு எழுந்தார். எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்தார். ஏற்றத்தில் ஏறி, கூட்டத்தை விலக்கி முன்னால் போய்த் தோளைக் கொடுத்தார். சிலுவை அசைந்து மேலே நகர்ந்தது. பாறை வரைக்கும் நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய முட்டையும் கண் நிறையத் தண்ணீருமாக உட்கார்ந்திருந்த என்னிடம், போகிற பெண்கள் என்னம்மா ஆச்சு என்று கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல. அதோ சிலுவ தூக்கிக்கினு போறாங்க பாருங்க" என்றேன், "எங்க அண்ணி."