என்னை வெளியே தள்ளுவது யார்?

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் பாக்கி. ஒன்றுக்கு ஒன்று சமம். என் ஆள் பந்தோடு கோல் கம்பத்தை நெருங்கிவிட்டான். கோல்கீப்பர் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறான். பட்டனை அழுத்த வேண்டியதுதான்...

திரை அப்படியே நின்றது. இந்த அக்கவுன்ட் வேறொரு இடத்தில் பயன்பாட்டில் உள்ளது என்று ஒரு செய்தி. ஆட்டம் போச்சு, கோல் போச்சு.

எது அந்த வேறொரு இடம்?

ஐம்பது வயதில் வீடியோ கேமா என்று கேட்காதீர்கள். எழுத உட்காருவதற்கு முன் அரை மணி நேரம் ஆடினால்தான் எனக்குக் கை ஓடும். கலா - என் மனைவி, இந்தப் பத்தியில் அடிக்கடி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறவள் - அதை நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

விஷயம் என்னவென்றால், அந்த கேம் என்னுடையது இல்லை. கலாவின் தம்பி சுரேஷுடையது. பிரான்ஸில் ஒரு கிடங்கில் வேலை. இரண்டு வருடம் முன்பு லீவில் வந்தபோது தன் பழைய கேம் பெட்டியை எங்கள் டிவியில் மாட்டி, தன் அக்கவுன்ட்டையும் அதில் திறந்து கொடுத்துவிட்டுப் போனான். “எல்லாம் நம்ம கேம்தான் மாமா, ஆடுங்க” என்றான். ஒரே ஒரு நிபந்தனை. ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் ஆட முடியாது. அவன் அங்கே உள்ளே வந்தால் நான் இங்கே வெளியே.

இரண்டு வருடமாக எந்தத் தகராறும் இல்லை. நான் ஆடுகிற நேரத்தில் பிரான்ஸில் விடிந்தும் விடியாமலும் இருக்கும். அவன் தூங்குவான்.

இந்த இரண்டு மாதமாகத்தான் வாரத்தில் நாலு நாள் யாரோ என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து எவனாவது கால்பந்து ஆடுவானா? அதுவும் அந்தக் குளிரில்?

நான் ஒரு சந்தேகப் பிராணி. உங்களுக்குத் தெரிந்ததுதான். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். சுரேஷுக்கு வாட்ஸப்பில் கேட்டேன். ‘நான் இல்ல மாமா, டூட்டில இருக்கேன், யாராவது ஹேக் பண்ணியிருப்பான்’ என்று பதில். என் பதினோரு மணி ஆட்டத்தை ஹேக் பண்ணி ஒருத்தனுக்கு என்ன லாபம்?

ஆக, பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்திருக்கிறான். எனக்குக் கொடுத்ததை இன்னொருத்தனுக்கும்!

கலாவிடம் சொன்னேன். என் தம்பியைச் சந்தேகப்பட்டால் நடக்கிறதே வேறு என்றாள். அவளுக்கு அவன் மேல் அவ்வளவு பெருமை. ஞாயிறுதோறும் மத்தியானம் வீடியோ காலில் வருவான். தடியான குளிர் கோட்டு, கழுத்துவரை ஜிப். முகம் மட்டும் மினுமினு என்று இருக்கும். அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். இப்போது பெண் வேறு பார்க்கிறாள். இங்கே புதுச்சேரியிலேயே, கதிர்காமத்தில் ஒரு நல்ல இடம். மாப்பிள்ளை பிரான்ஸ் என்றதும் அவர்களுக்குப் பரம திருப்தி. வருகிற புதன்கிழமை எங்கள் வீட்டுக்குப் பேச வருகிறார்கள்.

என் சந்தேகம் நேராக சலீம் மேல் விழுந்தது. சுரேஷோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். எங்கள் சாரம் பகுதியிலேயே, இரண்டு தெரு தள்ளி வீடு. கீழே செல்போன் கவர், சார்ஜர் விற்கிற கடை. பாஸ்வேர்டைக் கொடுக்க சுரேஷுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

போன புதன்கிழமை கடைக்குப் போய்ப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “கேம் ஆட நமக்கு எங்கண்ணே நேரம்?” என்றான். சரி. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு டீ சொல்லிவிட்டான். கூடவே சமோசா. பத்து வருடமாக அந்தக் கடைக்குப் போகிறேன், ஒரு டம்ளர் தண்ணீர் கண்டதில்லை. போதாக்குறைக்கு மாடிப்படியை மறைத்துக்கொண்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

மாட்டினான் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். குடையை இரவல் கொடுத்தால் அது ஒரு வீட்டில்தான் இருக்கும். போய்க் கேட்கலாம், திருப்பித் தரவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இந்த அக்கவுன்ட் சமாசாரம் அப்படியா? எத்தனை வீட்டில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, ஒன்றும் தெரியாது. கொடுத்தவனே என்னிடம் திருடுகிறான் என்று நான் கொதித்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், அந்தக் கூத்தெல்லாம் நடக்கும். அந்த அக்கவுன்ட்டில் இருக்கிற நாற்பது கேமும் அவன் வாங்கியது என்பதே எனக்கு மறந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மறுபடி தள்ளப்பட்டேன். அன்றைக்கு ஒரு முடிவோடு இருந்தேன். செட்டிங்ஸில் போய் பாஸ்வேர்டை மாற்றினேன். இனி எவன் ஆடுகிறான் பார்க்கலாம்!

ஐந்தே நிமிடம். போன் அடித்தது. சுரேஷ்.

மெயில் வந்ததாம், பாஸ்வேர்டை நீங்களா மாற்றினீர்கள் என்று கேட்டான். ஆமாம் என்றேன். என்ன இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டாய் என்றேன்.

“இப்பதான் மாமா எழுந்தேன். இங்க ஒரே குளிரு, கை காலெல்லாம் விறைச்சிப் போச்சி.”

அவன் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. ஸ்பீக்கரில், ஒரு அம்மாவின் குரல். நாட்டு வெங்காயம், நயம் வெங்காயம், அஞ்சு கிலோ நூறு ரூபா, வாங்கம்மா வாங்க.

சரி, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

டிவியில் ஓடியிருக்கும், யூடியூபாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். பத்து நிமிடம் ஆகவில்லை. லோடு ஆட்டோ ஒன்று எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அதன் ஸ்பீக்கரில் அதே அம்மா. அதே அஞ்சு கிலோ நூறு ரூபா.

கையைக் காட்டி நிறுத்தி, இதற்கு முன்னால் எந்தத் தெருவில் நின்றீர்கள் என்று கேட்டேன். “ஏன் சார், எடை கொறையுதுன்னு யாரனா சொன்னாங்களா?” என்றார் ஆட்டோக்காரர். ஊரே சந்தேகத்தில்தான் இருக்கிறது போல. செல்போன் கவர் கடை இருக்கிற தெரு என்று அப்புறம் சொன்னார்.

பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் துளிகூட இல்லை. போனை எடுத்தேன்.

“மச்சான், வெங்காயம் வாங்கினியா?”



“அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா.”

நான் கடைக்குப் போனதும் சலீம் ஸ்டூலை நகர்த்தி வழிவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாடியில் ஒரே ஒரு அறை. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. பழைய டிவி, பக்கத்தில் பிரான்ஸிலிருந்து தூக்கி வந்த கேம் பெட்டி. ஆணியில் அந்தக் குளிர் கோட்டு தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புதுச்சேரி வெயிலில், அதைப் போட்டுக்கொண்டுதான் அக்காவிடம் பேசியிருக்கிறான். முகம் மினுமினுத்தது தண்ணீரால் இல்லை, வியர்வையால்.

கிடங்கை மூடிவிட்டார்களாம். வேறு வேலை கிடைப்பதற்குள் விசா முடிந்துவிட்டது. வந்து இரண்டு மாதம் ஆகிறது. நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான். எதிர்வீட்டு வாசலில் நின்று கலா யாரிடமோ தம்பி பெருமை பேசிக்கொண்டிருந்தாளாம். அதைக் கேட்டுவிட்டு அப்படியே பெட்டியோடு திரும்பி சலீம் வீட்டுக்குப் போய்விட்டான். ஒளிந்திருக்கிறவனுக்குப் பகலெல்லாம் என்ன வேலை? ஆடியிருக்கிறான். நான் வெளியே தள்ளப்படுவது தெரியாதா என்று கேட்டேன். “தெரியும் மாமா. நீங்க அந்தப் பக்கம் இருக்கீங்கன்னு தெரிஞ்சா கொஞ்சம் தைரியமா இருக்கும்” என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் அவனைத் திருடன் என்று திட்டிக்கொண்டு இருந்தேன்.

இரண்டு கன்ட்ரோலர் இருந்தது. ஒரு ஆட்டம் போட்டோம். ஒரே வீட்டில் உட்கார்ந்து ஆடினால் யாரும் யாரையும் வெளியே தள்ளுவதில்லை. நாலுக்கு பூஜ்யம், எனக்குத்தான் பூஜ்யம்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் டிபன் டப்பாவோடு கிளம்பினேன். இப்போது கலா என்னைச் சந்தேகப்படுகிறாள். யாருக்கு அந்த ரெண்டாவது டப்பா என்று கேட்டாள். பேப்பர் ஆபீஸ் நண்பருக்கு என்று உளறினேன். அவள் நம்பவில்லை.

புதன்கிழமை கதிர்காமத்துக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் யாரோ வீட்டுப் பெண்ணுக்கு நாங்கள் பொய் சொன்னவர்கள் ஆவோம். அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல இவனால் முடியாது. எனக்கும் தைரியம் இல்லை. கடைசியில் சுரேஷே ஒரு வழி சொன்னான். “அக்கா ஞாயித்துக்கெழம நீங்க எழுதுறத படிச்சிட்டுதான் டீ குடிக்கும். நீங்களே எழுதிடுங்க மாமா. பேர மட்டும் மாத்திடுங்க.”

மாற்றிவிட்டேன். உங்களுக்கு அவன் யாரோ ஒரு சுரேஷ். அவளுக்குப் புரியும்.

கலா, படித்து முடித்தாயா? டீ ஆறட்டும், வாசல் கதவைத் திற... அவன் வெளியே நிற்கிறான்.