வெளி லைன்

பம்ப் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் போர்டு அக்கா. வெளியிலிருந்து வரும் அழைப்புகளை உரிய மேசைக்குத் திருப்பிவிடுவது அவள் வேலை. பெயர் கேட்க மாட்டாள். தொண்டையைச் செருமினாலே ஆள் தெரிந்துவிடும். வீட்டில் கணவன் கூப்பிட்டால்கூட, "இருங்க, தர்றேன்" என்று வாயில் வந்துவிடும்.

"யார்கிட்ட தரப் போற? இங்க நான் ஒருத்தன்தானே இருக்கேன்," என்பான் அவன். இடுப்பு வலியால் அவன் வேலையை விட்டதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அந்தக் காதை ஒருவன் ஏமாற்றினான். முதலாளியின் குரலில் வெளி லைன் கேட்டான், கொடுத்துவிட்டாள். கம்பெனி லைனில் யார் யாரோ வெளிநாடுகளுக்குப் பேசித் தீர்த்தார்கள்.

"இன்னொரு தடவை நடந்தா மெஷினே பேசட்டும்மா. நீ வீட்ல இரு," என்றார் முதலாளி. அன்றே வெளியூர் கிளம்பிப் போனார்.

டெலிபோன் மெக்கானிக் வந்து, தெரியாத எண்கள் எல்லாம் அவளிடமே வந்து நிற்கும்படி மாற்றினான். ரகசிய வார்த்தை சொன்னால்தான் மேற்கொண்டு வழி.

"உங்க எல்லாருக்கும் மறக்காததா, வெளியாளுக்குத் தெரியாததா ஒண்ணு சொல்லுங்க."

கணக்கர் யோசிக்காமல் முதலாளியின் பட்டப்பெயரைச் சொன்னார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முதலாளி திரும்பிய பிறகு அதை அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நீ சொல், நீ சொல் என்றே நாள் போயிற்று.

ஒருநாள் முதலாளி செல்போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஏதோ கடையிலிருந்து கூப்பிட்டார்.

"கோடவுனுக்குக் குடும்மா. லாரி நிக்குது."

"வார்த்தை சொல்லுங்க சார்."

"என்ன வார்த்தை? நான்தாம்மா!"

அவர்தான். அந்த மூச்சிரைப்பு அவருடையதுதான். போன தடவையும் அப்படித்தான் தோன்றியது.

"மன்னிச்சுக்கங்க சார்." வைத்துவிட்டாள்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறீங்களேக்கா," என்றார் கணக்கர்.

வாடகைக் காரில் வந்து அவள் எதிரே நின்றார் முதலாளி.

"எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் ஏன் தெரியல? என்ன அது?"

கணக்கர் மேசைக்கடியில் பேனா தேடினார்.

"உம்மணாமூஞ்சி, சார்," என்றாள் அவள்.

அவர் முகம் அந்த வார்த்தைக்குப் பொருத்தமாகவே இருந்தது.

"நாளைக்கே மாத்திடறோம் சார்."

"எதுக்கு? வெளியாள் எவனுக்கும் தெரியாதில்ல?"

"தெரியாது சார்."

"அப்ப இருக்கட்டும். என்கிட்டயும் கேளு. கேக்காம குடுத்தாத்தான் உன் வேலை போகும்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உடனே போர்டில் அவர் விளக்கு எரிந்தது. கோடவுன் வேண்டுமாம். உள் லைனுக்கு வார்த்தை தேவையில்லை. கொடுத்தாள்.